ஆட்டிசத்துக்கு மட்டும் ஆராய்ச்சிப் பணம் ஏன் குறைவு? நான் அட்டையில் எழுதிய கணக்கு சரிதானா?

பென்சில்டப்பா எழுதியது:

என் மகனுக்கு 11 வயது. ஆட்டிசம். வாயால் பேசுவதில்லை, டேப்லெட்டில் படங்களைத் தொட்டுத்தான் பேசுவான். ஒன்பது வயதில் வலிப்பும் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு நான் முழுத் தூக்கம் தூங்கிய இரவுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். புலம்புவதற்காகச் சொல்லவில்லை, யார் கேட்கிறார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமே என்றுதான்.

ஏப்ரல் 2 ஆட்டிச விழிப்புணர்வு நாளுக்கு எங்கள் பெற்றோர் குழு ஒரு கூட்டம் வைத்தது. என் பங்குக்கு ஒரு பெரிய அட்டையில், பல வருடமாக எல்லோர் கைபேசிக்கும் வந்துபோகும் அந்த அமெரிக்கப் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதி மாட்டினேன். எது எத்தனை பேரில் ஒருவருக்கு வருகிறது, அதன் ஆராய்ச்சிக்கு எவ்வளவு பணம் என்று. பார்த்திருப்பீர்கள்:

லுகேமியா: 1,200 பேரில் ஒருவர், 27.7 கோடி டாலர்
தசைச்சிதைவு: ஒரு லட்சத்தில் ஒருவர், 16.2 கோடி டாலர்
குழந்தைகளுக்கு வரும் எய்ட்ஸ்: 300 பேரில் ஒருவர், 39.4 கோடி டாலர்
சிறார் நீரிழிவு: 500 பேரில் ஒருவர், 15.6 கோடி டாலர்
ஆட்டிசம்: 150 பேரில் ஒருவர், 7.9 கோடி டாலர்

கடைசி வரியைச் சிவப்பில் எழுதினேன். எல்லோரும் நின்று பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். எனக்கும் ஒரு திருப்தி.

ஒரு அம்மா மட்டும் வெகுநேரம் நின்றார். எங்கள் குழு உறுப்பினர் ஒருவரோடு வந்தவர். என்னைப் பார்த்து, "முதல் வரியில் இருப்பது என் மகள்" என்றார். அந்தப் பெண்ணுக்கு இரண்டு வருடமாக லுகேமியா சிகிச்சை நடக்கிறதாம். "நீங்கள் இதை எழுதும்போது என்ன நினைத்து எழுதினீர்கள்? எங்களுக்குத் தருவதில் கொஞ்சம் எடுத்து உங்களுக்குத் தர வேண்டும் என்றா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. கூட்டம் முடியும் முன்பே அட்டையைக் கழற்றிச் சுருட்டிவிட்டேன்.

இப்போது இரண்டு சந்தேகம். அந்தக் கணக்கு முதலில் சரியா? சரியாகவே இருந்தாலும், ஒரு நோயை இன்னொன்றின் பக்கத்தில் வைத்து இப்படிக் காட்டுவது நியாயமா? அடுத்த மாதம் இன்னொரு இடத்தில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் தெளிவாக வேண்டும்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

பெயருக்கேற்ற வேலை எனக்கு. ஆராய்ச்சிக்கு மானியம் கேட்டுப் போகும் விண்ணப்பங்களில் பணப் பக்கங்களைத் தயாரித்தே 14 வருடம் போய்விட்டது. அதனால் உங்கள் அட்டையைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. மன்னிக்கவும், ஐந்து வரியில் ஒரு வரிகூட அப்படியே நிற்காது.

முதலில் வயது. 150-ல் ஒருவர் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007-ல் வெளியிட்ட எண். அது 2012-ல் 88, 2018-ல் 59, 2023-ல் 36 என்று இறங்கி, 2025 அறிக்கையில் 31-ல் ஒருவர் என்று நிற்கிறது. எல்லாமே எட்டு வயதுப் பிள்ளைகளை வைத்து எடுத்தவை. வலது பக்கத்துப் பணமும் அதே பழைய காலத்தது. 2006 டிசம்பரில் அமெரிக்கா ஆட்டிசத்துக்கென்றே ஒரு சட்டம் போட்டது, பணமும் ஏறியது. சமீப ஆண்டுகளில் அந்த நாட்டின் தேசிய சுகாதார நிறுவனங்கள் மட்டுமே ஆண்டுக்குச் சுமார் 30 கோடி டாலர் தருகின்றன. ஆக, உங்கள் சிவப்பு வரியில் இரண்டு பக்கமும் காலாவதி.

அடுத்து, தசைச்சிதைவு லட்சத்தில் ஒருவருக்கா? அதில் டுஷேன் என்ற ஒரே வகையே ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. எல்லா வகையையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

லுகேமியா வரியில்தான் பெரிய தில்லுமுல்லு. தலை எண்ணும்போது குழந்தைகளை மட்டும் எண்ணுகிறார்கள். பணம் எண்ணும்போது லுகேமியா ஆராய்ச்சி முழுவதையும் எண்ணுகிறார்கள். லுகேமியா வருகிறவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள். ஆளைக் குறைத்துப் பணத்தை அப்படியே வைத்தால் எந்த நோயையும் பணக்கார நோயாக்கிவிடலாம்.

எய்ட்ஸ் வரியும் அப்படித்தான். அமெரிக்கக் குழந்தைகளில் 300-ல் ஒருவர் என்பது நடக்கவே நடக்காத எண். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை ஒரு மருந்து நூற்றுக்கு 25 என்ற அளவிலிருந்து 8-க்கு இறக்கும் என்று 1994-லேயே நிரூபித்துவிட்டார்கள். இன்று சரியான சிகிச்சையில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே. அந்தப் பணம் வீணாகவில்லை, வேலை செய்துவிட்டது. வேலை முடித்துக் கொடுத்தவரைப் பார்த்து "உனக்கு ஏன் இவ்வளவு கூலி" என்று கேட்பதுபோல் இருக்கிறது அந்த வரி.

அப்புறம், இதெல்லாம் அரசுப் பணமா நன்கொடையா, ஒரு வருடத்துக்கா பத்து வருடத்துக்கா? உங்கள் அட்டையில் இல்லை. உங்களுக்கு வந்த செய்தியிலும் இருந்திருக்காது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தலையை எண்ணிப் பணம் பிரிப்பதாக இருந்தால் எல்லோருக்கும் வரும் சளிக்குத்தான் முதலிடம். எத்தனை பேர் சாகிறார்கள், எத்தனை வருட வாழ்க்கை கெடுகிறது, இப்போது பணம் போட்டால் பலன் கிடைக்கும் நிலையில் அறிவியல் இருக்கிறதா என்று பலதும் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். குழந்தைகளுக்கு அதிகம் வரும் லுகேமியா வகையில் 1960-களில் நூற்றுக்குப் பத்துப் பேர் பிழைத்தால் பெரிது. இன்று ஏறக்குறைய 90 பேர் பிழைக்கிறார்கள். அந்த அம்மாவின் மகள் இரண்டு வருடமாகச் சிகிச்சையில் இருக்கிறாள் என்றால், அந்தச் சிகிச்சை முறையே அந்தப் பணத்தில் படிப்படியாக உருவானதுதான்.

லுகேமியாவில் ரத்தத்தில் நோய்ச் செல்களை எண்ணி மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கலாம். ஆட்டிசத்தில் அப்படி எண்ணிப் பார்க்க ஒரு செல் கிடையாது. 2020-ல் வந்த ஒரு பெரிய மரபணு ஆய்வே 102 மரபணுக்களைக் காட்டியது. ஒரே பெயருக்குள் பல கதைகள். ஆக்ஸிடாசின், புமெடனைடு என்று நம்பிக்கையோடு பார்த்த மருந்துகள் இரண்டுமே 2021-ல் பெரிய சோதனைகளில் கைவிரித்தன. அமெரிக்காவில் ஆட்டிசம் என்று பெயர் சொல்லி அனுமதி பெற்ற மருந்துகள் ரிஸ்பெரிடோனும் அரிபிப்ரசோலும்தான். அவையும் எரிச்சலையும் ஆவேசத்தையும் தணிப்பதற்கு. பணம் போடாததால் மட்டும் வந்த நிலை இல்லை இது.

ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் 2014-ல் லண்டன் பொருளாதாரப் பள்ளி ஆய்வாளர்கள் பிரிட்டனுக்குப் போட்ட கணக்கு இருக்கிறது. ஆட்டிசத்தால் ஆண்டுக்கு ஆகும் செலவு 3,200 கோடி பவுண்டு. புற்றுநோய் 1,200 கோடி, இதயநோய் 800 கோடி, பக்கவாதம் 500 கோடி. மூன்றையும் கூட்டினாலும் ஆட்டிசத்தை எட்டவில்லை. ஆனால் ஆராய்ச்சிக்குப் புற்றுநோய்க்கு 59 கோடி பவுண்டு, ஆட்டிசத்துக்கு 40 லட்சம். இந்த இடைவெளியை யாரும் மறுக்க முடியாது. ஒன்று கவனியுங்கள்: அந்த 3,200 கோடியில் பெரும்பகுதி கவனிப்பு, தங்குமிடம், வீட்டில் ஒருவர் வேலையை விட்டதால் போன சம்பளம். மருத்துவமனைச் செலவு கொஞ்சம்தான்.

---

பென்சில்டப்பா எழுதியது:

வேலையை விட்டதால் போன சம்பளம். என் மனைவியை யாரோ கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது இன்றுதான் தெரிகிறது.

நன்றி சார். கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. அந்தச் சிவப்பு மைக்காக.

ஒரு இடைக்கேள்வி. 150 என்பது 31 ஆகிவிட்டது என்றீர்கள். அப்படியென்றால் பரவுகிறது என்றுதானே ஆகிறது? என் மைத்துனர் வழக்கம்போல் தடுப்பூசி என்று ஆரம்பித்துவிட்டார்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஏறியதில் பெரும்பங்கு அடையாளம் காண்பதில் வந்த மாற்றம். வரையறை விரிந்தது, முன்பு வேறு பெயர் பெற்ற பிள்ளைகள் இப்போது இந்தப் பெயர் பெறுகிறார்கள், பெண் பிள்ளைகளையும் கவனிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். விழிப்புணர்வு கூடினால் எண் கூடும். அந்த எண்ணைக் காட்டி இன்னும் விழிப்புணர்வு கேட்பார்கள். வட்டம் புரிகிறதா?

மைத்துனரிடம் இதைச் சொல்லுங்கள். தட்டம்மைத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 1998-ல் வந்த அந்தக் கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. 2010-ல் பத்திரிகையே அதைத் திரும்பப் பெற்றது, எழுதியவரின் மருத்துவப் பதிவும் போனது. 2019-ல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில் எந்தத் தொடர்பும் இல்லை. "பணம் போதவில்லை" என்று அழுகிறோமே, இருந்த பணத்தில் எவ்வளவு இந்த ஒரு பொய்யைத் திரும்பத் திரும்பப் பொய் என்று காட்டுவதற்குப் போயிருக்கும்!

---

சாம்பல்பூனை எழுதியது:

நான் ஆட்டிசம் உள்ளவள். 34 வயதில் தெரிந்தது. பேசுவேன், வேலைக்குப் போகிறேன். உங்கள் மகன் நிலையும் என் நிலையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை அண்ணா, அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

எவ்வளவு பணம் என்றே இத்தனை நேரம் பேசிவிட்டோம். அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று பாருங்கள். பிரிட்டனில் 2007 முதல் 2011 வரை ஆட்டிச ஆராய்ச்சிக்குக் கிடைத்த பணத்தை ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். 56 சதவீதம் உயிரியல், மூளை, அறிதிறன். சேவைகளுக்கு 5 சதவீதம். சமூகம் எப்படி நடத்துகிறது என்பதற்கு 1. அமெரிக்காவிலும் வளர்ந்தவர்களின் வாழ்க்கை பற்றிய ஆய்வுகளுக்கு வருடாவருடம் ஒற்றை இலக்கச் சதவீதம்தான். எட்டு வயதில் எங்களை அக்கறையாக எண்ணுகிறார்கள். பதினெட்டு தாண்டினால் கண்ணுக்கே தெரிவதில்லை.

என் அலுவலகத்தில் ஏப்ரல் வந்தால் ஆட்டிச விழிப்புணர்வுக்கு என்று நீல விளக்கு போடுவார்கள். என் மேசைக்கு மேல் ஒரு குழல்விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கிறது. மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்கு அது நாள் முழுக்க யாரோ கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டுவதுபோல. மாற்றித் தரச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். மாற்றவில்லை. போன ஏப்ரலில் நீல விளக்கு போட ஏணியோடு ஆள் வந்தார். அந்த ஏணி என் மேசைக்கு நேர்மேலேதான் நின்றது. சிரிப்பதா அழுவதா?

கணக்குப்பிள்ளை சொன்ன 2006 சட்டத்தின் பெயரிலேயே ஆட்டிசத்தை "எதிர்த்துப் போராடுவது" என்று இருந்தது. 2014-ல்தான் அந்தச் சொல்லை எடுத்தார்கள். போராட வேண்டியவர்கள் பட்டியலில் நானும் இருந்தேன்! 2021-ல் பிரிட்டனில் பத்தாயிரம் பேரின் மரபணுவைச் சேகரிக்கக் கிளம்பிய ஒரு பெரிய ஆய்வை, ஆட்டிசம் உள்ளவர்களே எதிர்த்ததால் தொடங்கிய சில வாரத்தில் நிறுத்தி வைத்தார்கள். எங்கள் எச்சிலைக் கேட்டார்கள், எதற்கு என்று எங்களோடு உட்கார்ந்து பேசவில்லை.

இன்னொன்று. ஸ்வீடனில் 2016-ல் வந்த ஆய்வு ஒன்று, ஆட்டிசம் உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 16 ஆண்டு முன்னதாகவே இறந்திருந்தார்கள் என்று சொன்னது. அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்தவர்களுக்கு வலிப்பு ஒரு முக்கியக் காரணம். என்னைப் போன்றவர்களுக்குத் தற்கொலை. "ஆட்டிசத்தால் யாரும் சாவதில்லை, அதனால் புற்றுநோய்க்கு முன்னுரிமை" என்று யாராவது ஆரம்பித்தால் அங்கே இதைச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் உங்கள் மகனின் வலிப்பைப் பற்றிப் பேசுங்கள் அண்ணா. உங்கள் பதிவில் அது ஒரே ஒரு வரியாக ஓடிப்போய்விட்டது.

---

ஒற்றைச்செருப்பு எழுதியது:

எல்லோரும் ஆட்டிசத்துக்குக் குறைவு என்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வருகிறது. கோபிக்காதீர்கள்.

என் மகளுக்கு மொழி வளர்ச்சிக் குறைபாடு. காது நன்றாகக் கேட்கும், விளையாட்டில் கெட்டிக்காரி, ஆட்டிசம் இல்லை. நான்கு சொல் சேர்த்துச் சொன்னால் இரண்டாவது சொல்லிலேயே தொலைந்துபோவாள். ஆசிரியர்கள் "கவனமில்லை" என்பார்கள், உறவினர்கள் "செல்லம்" என்பார்கள். இது ஏறக்குறைய நூற்றில் ஏழு பிள்ளைகளுக்கு இருக்கிறது. முப்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். ஆட்டிசத்தைவிட அதிகம். இதற்கென்று ஆய்வாளர்கள் கூடி ஒரே பெயரை ஒப்புக்கொண்டதே 2017-ல்தான். அக்டோபரில் ஒரு விழிப்புணர்வு நாளும் உண்டு. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

டோரதி பிஷப் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 2010-ல் 35 வளர்ச்சிக் குறைபாடுகளை எடுத்து, எது எவ்வளவு பரவல், எவ்வளவு கடுமை, எதைப் பற்றி எத்தனை ஆய்வுக் கட்டுரை, அமெரிக்க அரசு எதற்கு எவ்வளவு பணம் தருகிறது என்று பார்த்தார். ஆட்டிசமும் ஏடிஎச்டியும் (கவனம் நிலைக்காத, துறுதுறுப்பு அதிகமான குறைபாடு) மற்றவற்றை எங்கோ பின்னால் விட்டிருந்தன. மொழிக் குறைபாடு, கணிதக் குறைபாடெல்லாம் கடைசி பெஞ்ச். அந்தப் பட்டியலை அட்டையில் எழுதினால் சிவப்பு மை என் மகளுக்குத்தான் அண்ணா.

பொறாமைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆட்டிசம் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் தலையாட்டுகிறார். என் மகளுக்கு என்ன என்று சொல்ல எனக்குப் பத்து நிமிடம் தேவைப்படுகிறது, அதற்குள் அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பெயர் பரவினால் பணம் வரும் என்று நானும் நம்புகிறேன். 2014-ல் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்களே, தசைகளை இயக்கும் நரம்புகள் செயலிழக்கும் ஏஎல்எஸ் நோய்க்கு. சில வாரத்தில் ஒரே சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் வந்தது. அந்த நோயின் பெயர் அதற்கு முன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

பிஷப் கட்டுரையை நான் சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். அக்கா சொல்வது சரி.

ஐஸ் தண்ணீர் விஷயத்தில் ஒரு சிறு சேர்க்கை. அந்தப் பணம் பெயரைப் பரப்பியதோடு நிற்கவில்லை. அதில் ஒரு பகுதி உதவிய கூட்டு ஆய்வில் 2016-ல் நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணு கிடைத்தது. பணம் வந்தபோது அதை வாங்கிச் செலவிட ஆய்வுக்குழு தயாராக இருந்தது, கேள்வி தயாராக இருந்தது. எங்கள் தொழிலில் பணம் இல்லாததால் செத்த விண்ணப்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேள்வி இல்லாததால் செத்தவையும் அதில் பாதி இருக்கும். "ஆட்டிசத்துக்குப் பணம் கொடுங்கள்" என்பது விண்ணப்பமே இல்லை. "பேசாத பிள்ளைகளுக்கு இரவில் வரும் வலிப்பை வீட்டிலேயே எப்படி முன்கூட்டி அறிவது" என்பது விண்ணப்பம்.

---

பென்சில்டப்பா எழுதியது:

இரண்டு நாளாக இதையே திருப்பித் திருப்பிப் படிக்கிறேன்.

அந்த அம்மாவின் எண்ணை வாங்கிப் பேசினேன். கணக்கு தப்பு என்று சொன்னேன். "தப்பு என்று எனக்கு எப்படித் தெரியும், எனக்கு வலித்தது, அவ்வளவுதான்" என்றார். பிறகு அவரே ஒன்று கேட்டார். மகள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது, பக்கத்துப் படுக்கையில் பேசாத ஒரு பையன் இருந்தானாம். அவனுக்கு எங்கே வலிக்கிறது என்று எந்த நர்ஸாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. "அதற்கு ஏதாவது ஆராய்ச்சி நடக்கிறதா?" என் மகனுக்குக் காது வலி வந்து, பல்வலி என்று நினைத்து நாங்கள் ஐந்து நாள் அலைந்தது நினைவுக்கு வந்தது. டேப்லெட்டில் "வலி" என்ற படம் இருக்கிறது. எங்கே என்று கேட்டால் தலையையும் தொடுவான், ஜன்னலையும் தொடுவான்.

தங்கை, வலிப்பைப் பற்றி ஒரு வரியில் ஓடிவிட்டேன் என்றீர்களே, உண்மைதான். அதை எழுதினால் இரவு தூக்கம் வராது என்று ஒரு பயம்.

புது அட்டை போட்டிருக்கிறேன். லுகேமியா, எய்ட்ஸ் எதுவும் இல்லை. மேலே, "பேசாத பிள்ளைக்கு வலி எங்கே என்று எப்படித் தெரிந்துகொள்வது?" அதன்கீழ், "இரவில் வரும் வலிப்பை யார் கண்காணிப்பது?" அதன்கீழ், "30 வயதில் அவன் எங்கே இருப்பான்?" கீழே சின்ன எழுத்தில் ஒரே ஒரு கணக்கு: "பிரிட்டனில் ஆட்டிசத்தால் ஆண்டுக்கு ஆகும் செலவு 3,200 கோடி பவுண்டு. ஆராய்ச்சிக்கு 40 லட்சம்." ஓரத்தில் மொழி வளர்ச்சிக் குறைபாடு என்று ஒரு வரியும் எழுதியிருக்கிறேன். யாராவது என்ன என்று கேட்டால் பத்து நிமிடம் சொல்கிறேன்.

சார், ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். இந்தத் தடவை எல்லாம் கறுப்பு மைதான்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

வருடம் போடவில்லை. 2014 என்று சேருங்கள். இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து யாராவது இதைச் சிவப்பில் எழுதுவார்கள்.